கதவோரம் நின்றவர் கேட்ட கேள்வி

முகப்பேரில் ஒரு பெயிண்ட் கடையின் மாடியில் ஸ்பிரே மெஷினை இயக்கிக் காட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். எங்கள் இரவுப் பாடசாலையில் படிக்கும் ஒரு மாணவியின் அப்பாவும் உடன் வந்தார். இருபது வருஷமாகப் பெயிண்டர். போட்டிருந்த நாற்காலிகளில் காண்ட்ராக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் கதவோரம் நின்றுகொண்டார். நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

எந்த மெஷின் எதற்கு என்று விளக்கினார்கள். எமல்ஷனுக்குச் சிறியது போதும். புட்டி மாதிரி கெட்டியான சரக்குக்குப் பெரியது வேண்டும். முனையில் 517 என்றிருந்தால், முதல் எண்ணை இரட்டித்தால் சுவரில் விழும் பட்டையின் அகலம், சுமார் 10 அங்குலம். அடுத்த இரண்டு எண்கள் துளையின் அளவு, அங்குலத்தில் ஆயிரத்தில் 17 பங்கு. பிறகு பேச்சு முழுக்க எத்தனை ஆள் கூலி மிச்சமாகும் என்பதில்தான்.

ஏர்லெஸ் மெஷினின் அழுத்தம் 3,000 பி.எஸ்.ஐ. வரை போகும் என்பதைப் போகிற போக்கில் சொன்னார்கள். கார் டயரில் இருப்பது 30 சொச்சம்தான்.

அப்போது அண்ணன் கேட்டார்: "சார், முனை அடைச்சுக்கிச்சுன்னா நாங்க விரலாலதான் தேய்ச்சு விடுவோம். செய்யலாமா?"

இயக்கிக் காட்டியவர் பதறிவிட்டார். அந்த அழுத்தத்தில் பெயிண்ட் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய தடம் மட்டுமே தெரியும். முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். பிறகுதான் முறையைக் காட்டினார்: டிரிக்கரைப் பூட்டு, மெஷினை அணை, அழுத்தத்தை இறக்கு, அதன்பின் முனையைத் தொடு.

நாற்காலியில் இருந்த யாருக்கும் இந்தக் கேள்வி எழவில்லை. அவர்களின் விரல் அங்கே போவதில்லை. சாதி என்பது உழைப்பவர்களையே மேலும் கீழுமாக அடுக்கி வைப்பது என்று அம்பேத்கர் 1936இல் காட்டினார். அந்த அடுக்கில் ஆபத்து கீழே இறங்குகிறது. அதைத் தடுக்கும் அறிவு மேலேயே தங்கிவிடுகிறது.

திரும்பி வந்ததும் அண்ணன் சொல்லச் சொல்ல ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதினோம். முகத்தில் கட்டும் துண்டு தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கார்பன் வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். தின்னர் கலந்த பெயிண்ட் அடிக்கும் இடத்தில் பீடி, நெருப்பு கூடாது, காற்றோட்டம் வேண்டும். கையில் பெயிண்ட் பாய்ந்தால், "அழுத்தத்தில் உள்ளே போனது" என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். மாஸ்க் வாங்கித் தருவது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. அதைக் கேட்பது சலுகை கேட்பதல்ல.

தோழர்களே, உங்கள் பகுதியில் காலையில் வேலைக்காக ஆட்கள் கூடும் இடத்துக்கு ஒருநாள் போங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பெயிண்டர்களும் அதில் பதியலாம். அடுத்த முறை மெஷின் காட்டும் இடத்துக்கு நாங்கள் பத்துப் பெயிண்டர்களோடு போகிறோம். உட்கார்ந்துதான் கேட்போம்.