பேரு எழுதின பொம்மை!

ஒரு சின்னக் கேள்வி பாஸ். அஞ்சு வயசுல தூங்கும்போதுகூட விடாம கையில பிடிச்சிருந்தீங்களே ஒரு பொம்மை, அது இப்ப எங்கே?

யோசிங்க. ஞாபகம் வரலையா? கவலைப்படாதீங்க. வீடு மாத்தும்போது பக்கத்து வீட்டுக் குட்டிப் பையனுக்குப் போயிருக்கும். இல்லேன்னா பழைய பிளாஸ்டிக்குக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிற அண்ணன் வண்டியில ஏறியிருக்கும். பொம்மைகளோட தலையெழுத்து அது.

ஜப்பான்லயும் அதே தலையெழுத்துதான். 1960கள்ல அந்த ஊர்ப் பசங்க கையில இருந்த ராட்சத பொம்மைகள், ஹீரோ பொம்மைகள் எல்லாம் பெரும்பாலும் குப்பைக்குப் போயிடுச்சு. தப்பிப் பிழைச்ச கொஞ்சத்துக்குத்தான் இப்ப உலகம் முழுக்க அடிதடி. கண்ணாடிப் பெட்டிக்குள்ள உட்கார வெச்சு, லைட் போட்டு, லட்சக்கணக்கான யென்னுக்குக்கூட விக்கிறாங்க. அந்தக் கூட்டத்துல ஒரு ஓரமா நானும் நிக்கிறேன்.

டோக்கியோவில் முதுகலை படிக்கப் போன புதுசு. பொழுது போகாத ஒரு ஞாயித்துக்கிழமை நகானோ பிராட்வேக்குள் நுழைஞ்சேன். 1966ல் கட்டின ஒரு பழைய வணிக வளாகம் அது. கீழே கடைகள், மேலே வீடுகள். வெளியிலிருந்து பார்த்தால் நம்ம ஊர் பழைய ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் மாதிரிதான் இருக்கும். உள்ளே போனால் வேற உலகம். 1980ல் இங்கே ஒரு சின்ன பழைய மாங்கா புத்தகக் கடையாகத் தொடங்கின 'மந்தராகே', இப்ப அதே கட்டடத்துக்குள் ஏகப்பட்ட கடைகளாகப் பரவியிருக்கு. அதுல ஒரு கடை முழுக்க ராட்சதர்கள். பல்லிளிக்கிறவன், நண்டுக் கையோட நிக்கிறவன், மூணு தலைக்காரன்னு ஒரு பட்டாளமே நின்னுது.

அவங்களுக்கு அங்கே 'சோஃபுபி'ன்னு பேரு. 'சாஃப்ட் வினைல்' என்ற இங்கிலீஷ் வார்த்தைகளை ஜப்பான்காரங்க வாயில போட்டு மென்னு சுருக்கினது. செய்யற விதமும் சுவாரஸ்யம். முதல்ல மெழுகில் உருவம். அதன்மேல் உலோக முலாமைக் கெட்டியாக ஏத்தி, மெழுகை உருக்கி வெளியே எடுத்தா உள்ளே வெற்றிடம். அதுதான் அச்சு. அதில் கூழ் மாதிரி இருக்கிற திரவ வினைலை ஊத்திச் சூடாக்கினா, ஓரமாக ஒட்டினது மட்டும் தோசை மாதிரி வெந்து கெட்டியாகும். நடுவில் மிச்சமிருக்கிற கூழைக் கவிழ்த்துட்டு, மறுபடியும் வேக வைக்கணும். சூடு ஆறுறதுக்குள்ள குறடால் பிடிச்சு ஒரே இழுப்பு! பெரிய வயித்தோட இருக்கிற உடம்பு, குறுகலான வாய் வழியா வளைஞ்சு நெளிஞ்சு வெளியே வரும். உடனே தண்ணிக்குள்ள. கை, கால், தலை, உடம்புன்னு ஒவ்வொண்ணும் இப்படித்தான் தனித்தனியாகப் பிறக்கணும்.

சரி, எதுக்கு இந்த ராட்சதர்கள்? கொஞ்சம் வரலாறு பேசினாத்தான் புரியும். ரெண்டே நிமிஷம், போர் அடிக்காது.

1954 மார்ச் 1. பசிபிக் கடலில் பிகினி தீவுப் பக்கம் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டு வெடிச்சுப் பார்த்துது. அந்த வட்டாரத்தில் டூனா மீன் பிடிச்சிட்டிருந்த ஒரு ஜப்பான் படகு மேல் கதிரியக்கச் சாம்பல் மழை மாதிரி கொட்டிச்சு. படகில் இருந்த 23 பேரும் பாதிக்கப்பட்டாங்க. ஒருத்தர் அந்த வருஷம் செப்டம்பரிலேயே இறந்துட்டார். ஹிரோஷிமா, நாகசாகி முடிஞ்சு ஒன்பது வருஷம்தான் ஆகியிருந்துது. நாடே நடுங்கிப் போச்சு. அதே வருஷம் நவம்பர் 3ல் வெளியான படம்தான் டோஹோ நிறுவனத்தோட 'கோட்ஸில்லா'. குண்டு வெடிப்பால் எழுந்து வந்து டோக்கியோவை மிதிக்கிற ராட்சதன். இஷிரோ ஹோண்டா இயக்கம், எய்ஜி சுபுராயா தந்திரக் காட்சிகள். ரப்பர் உடை மாட்டிக்கிட்டு ஒருத்தர் அட்டை ஊரை மிதிப்பார். 80கள்ல தூர்தர்ஷன்ல 'ஜெயண்ட் ரோபோ' பார்த்த அண்ணன், அக்காவைக் கேளுங்க, அந்த அழகைக் கதை கதையாச் சொல்வாங்க.

பன்னிரண்டு வருஷம் கழிச்சு, 1966 ஜனவரியில் சுபுராயாவோட கம்பெனி டி.வி.க்கு வந்துது. முதலில் 'அல்ட்ரா க்யூ'. அதே வருஷம் ஜூலையில் 'அல்ட்ராமேன்'. வாராவாரம் வீட்டுக் கூடத்துக்கே ராட்சதன் வந்தான். பசங்களுக்குப் பைத்தியம் பிடிச்சுது. அந்த வருஷமே 'மருசான்' என்ற டோக்கியோ பொம்மைக் கம்பெனி வினைல் ராட்சதர்களைக் கடைக்குக் கொண்டு வந்துது. விலை 350 யென்.

இங்கேதான் எனக்குப் பிடிச்ச விஷயம் இருக்கு. 'அல்ட்ரா க்யூ' கறுப்பு வெள்ளை சீரியல். எந்த ராட்சதன் என்ன கலர்னு எந்தப் பையனுக்கும் தெரியாது. அதனால் பொம்மை செய்தவங்க இஷ்டத்துக்கு விளையாடிட்டாங்க. நீல வினைலில் தங்கக் கலர் தெளிப்பு, பச்சை மேல் சிவப்புன்னு ஒரே கொண்டாட்டம். திரையில் உறுமினவன் கையில் வரும்போது தொப்பை போட்ட குட்டிப் பையன் மாதிரி ஆயிட்டான். இந்த சீரியல்களோட பெரும்பாலான ராட்சதர்களை வரைஞ்ச டோரு நரிதாவும் தனக்குன்னு ஒரு விதி வெச்சிருந்தார். உடம்பு கிழிஞ்சு ரத்தம் ஒழுகற மாதிரி எந்த ராட்சதனையும் வரையமாட்டார். குழந்தைங்க பார்க்கிறாங்களே!

குண்டு விழுந்த நாட்டோட பயத்தை எடுத்து, ஒரு சாண் அளவுக்குச் சின்னதாக்கி, கலர் அடிச்சு, குழந்தை கையில் கொடுத்திருக்காங்க. 'இந்தா, இனிமே நீ இதைப் பயமுறுத்து'ன்னு. எனக்கு அப்படித்தான் தோணுது.

மருசான் 1968ல் திவாலாச்சு. அங்கே வேலை பார்த்தவங்க 1969ல் 'புல்மார்க்'னு புதுக் கம்பெனி தொடங்கி, பழைய அச்சுகளையும் பயன்படுத்தி அந்த ஓட்டத்தைத் தொடர்ந்தாங்க. அதுவும் 1977ல் மூடப்பட்டுது. இந்த ரெண்டு கம்பெனி சரக்குக்குத்தான் இன்னிக்கும் ஏகப்பட்ட கிராக்கி.

நம்ம கதைக்கு வருவோம். மாணவர் விசாவில் இருக்கிறவங்க வாரத்துக்கு 28 மணி நேரம்தான் பார்ட் டைம் வேலை பார்க்கலாம். நான் ஒரு சூப்பர் மார்க்கெட்ல பெட்டி அடுக்கினேன். மூணு மாசம் டீ, சினிமா எல்லாத்தையும் கட் பண்ணி, 32,000 யென் கொடுத்து ஒரு புல்மார்க் கோட்ஸில்லா வாங்கினேன். பிளாஸ்டிக் பை கிழியலை. மேலே மடிச்சு பின் அடிச்ச அட்டைகூட அப்படியே இருக்கு. எந்தக் குழந்தையும் தொடாத பொம்மை. சேகரிக்கிறவங்க உலகத்துல அதுக்குத்தான் உச்ச மரியாதை.

அதே கடையில் ஒரு மூலைக் கூடையில் இன்னொருத்தன் கிடந்தான். கனேகோன். ஜப்பானிய மொழியில் 'கனே'ன்னா பணம். 'அல்ட்ரா க்யூ'வில் காசு மேல ஆசை பிடிச்ச ஒரு பையன், காசு சத்தம் கேட்கிற ஒரு கூட்டுக்குள் இழுக்கப்பட்டு இந்த ராட்சதனா மாறிடுவான். சுருக்குப் பை மாதிரி தலை, வாய்க்கு ஜிப், மார்பில் எவ்வளவு காசு மிச்சம்னு காட்டுற மீட்டர். காசு தின்னுக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா உயிர் போயிடும். கடைசியில் பையன் மறுபடி மனுஷனாகி வீட்டுக்கு ஓடினா, அங்கே அப்பாவும் அம்மாவும் கனேகோனா நிப்பாங்க. எப்படி இருக்கு கதை!

கூடையில் கிடந்தவனுக்கு ஒரு கை இல்லை. பெயின்ட் பாதி போயிடுச்சு. வால் நுனியில் பல் தடம். காலைத் திருப்பினா, உள்ளங்காலில் கறுப்பு மார்க்கர்ல ஒரு பேரு. கோணல் மாணலான ஹிரகானா எழுத்து. இப்பத்தான் எழுதப் படிச்ச கை. மருசான் பொம்மை, ஆனா விலை 8,000 யென்தான்.

"இந்தப் பேரை அழிக்க முடியுமா?"ன்னு கடைக்காரரைக் கேட்டேன்.

"முடியாதுங்க. மை வினைலுக்குள்ளயே ஊறிப் போயிருக்கு. அதனாலதான் இந்த விலை"ன்னார்.

ரெண்டு பேரும் என் அறைக்கு வந்தாங்க. ஈரோட்டிலிருந்து அம்மா போன்ல, "ஏஞ் சாமி, படிக்கப் போன எடத்துல பொம்மை வாங்கிட்டிருக்கியா?"ன்னு கேட்டாங்க. "ஆமாம்மா"ன்னேன். வேற என்ன சொல்ல?

2016ல், பரீட்சை எல்லாம் முடியற சமயம், வீட்டிலிருந்து போன். அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கு. உடனே கிளம்பணும். விமான டிக்கெட்டுக்குக் கையில் இருந்த பணம் பத்தலை. ரெண்டு பொம்மையையும் எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனேன். கோட்ஸில்லாவைக் கடைக்காரர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, நான் கொடுத்த விலையைவிட ரெண்டாயிரம் யென் கூடவே கொடுத்தார். கனேகோனைப் பார்த்துட்டு, "1,500 தரலாம். நீங்களே வெச்சுக்கலாமே"ன்னார். வெச்சுக்கிட்டேன். பையோட பக்கவாட்டு அறையில் அது என்கூடவே ஈரோடு வந்துது.

அப்பாவுக்கு அடைப்பு எடுத்து, மூணாவது நாள் வார்டுக்கு மாத்தினாங்க. பேச வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருந்ததால், சும்மா இருக்கட்டும்னு அந்தப் பொம்மையைக் கையில் கொடுத்தேன். தலையைத் தடவினார். இல்லாத கையோட ஓட்டைக்குள்ள விரல் விட்டுப் பார்த்தார். காலைத் திருப்பினார்.

"என்ன கண்ணு எழுதியிருக்கு?"

"ஒரு பையனோட பேருப்பா. அவனோட பொம்மை."

"இப்ப அவனுக்கு என்ன வயசிருக்கும்?"

கணக்குப் போட்டேன். 1966ல் ஆறு வயசுன்னா...

"உங்க வயசுதாம்ப்பா."

அப்பா ரொம்ப நேரம் அந்தக் காலையே பார்த்துட்டிருந்தார். அப்புறம் தலையணைக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத் தூங்கிட்டார். டிஸ்சார்ஜ் ஆகற வரைக்கும் அது அங்கேயேதான் இருந்துது. இப்ப அவர் நல்லா இருக்கார். காலையில் வாக்கிங், சாயங்காலம் அம்மாகூட சண்டை.

அப்புறம் நிறைய தடவை யோசிச்சிருக்கேன். வித்த கோட்ஸில்லாவை நினைச்சு வருத்தமான்னு. உண்மையைச் சொல்றேன், அதோட கனம் எவ்வளவுன்னுகூட எனக்குத் தெரியாது. பையிலிருந்து ஒரு நாளும் வெளியே எடுத்ததில்லை. தொட்டா விலை போயிடுமே! அதை நான் விலையாத்தான் வெச்சிருந்தேன். கனேகோனைத்தான் பொம்மையா வெச்சிருந்தேன்.

பையோட இருக்கிறதை வாங்கறவங்களை நான் குறை சொல்லலை. அவங்க பத்திரப்படுத்தினதால்தான், அது கடையில் தொங்கினப்ப எப்படி இருந்துதுன்னு நமக்குத் தெரியுது. ஆனா உங்களுக்கும் சேகரிக்கிற ஆசை இருந்தா, அது பொம்மையோ, நாணயமோ, பழைய கேசட்டோ, ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்குங்க: நாளைக்கே இதோட விலை பூஜ்யம் ஆயிட்டா, இதை வெச்சுப்பேனா? 'ஆமா'ன்னா வாங்குங்க. 'இல்லை'ன்னா நீங்க கனேகோன் ஆகறதுக்கு இன்னும் கொஞ்சம் காசுதான் பாக்கி!

வினைல் பக்கம் வர்றவங்களுக்குச் சில டிப்ஸ். பாதத்தையும் முதுகையும் கட்டாயம் பாருங்க. முத்திரை, எழுத்து எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மருசான், புல்மார்க் பேர்லயே பிற்காலத்தில் மறுபதிப்புகள் வந்திருக்கு. அதனால் முத்திரையை மட்டும் நம்பாம, வினைலோட நிறம், பெயின்ட் தேய்ஞ்ச விதம் எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க. வெயில் படற ஜன்னல்ல வைக்காதீங்க, கலர் வெளுக்கும். மெத்துனு இருக்கிறதுக்காக வினைலில் சேர்த்த எண்ணெய் மாதிரிப் பொருள் நாளாக ஆக வெளியே கசியும். ரெண்டு பொம்மையை ஒட்டி வெச்சா பிசுபிசுன்னு ஒட்டிக்கும். தெர்மோகோல் மேலயும் வைக்க வேண்டாம், அதையே அரிச்சிடும். கை, கால் இறுகியிருந்தா வலுவா திருகாதீங்க. வெதுவெதுன்னு சூடு காட்டினா தானா இளகும்.

என் மேஜையில் இப்பவும் அந்த ஒத்தைக் கை கனேகோன் நிக்குது. பேருக்குச் சொந்தக்காரர் எங்கேயோ ஜப்பான்ல அறுபது வயசு தாண்டி இருப்பார். ஒருநாள் அவரே வந்து, "தம்பி, அது என் பொம்மை"ன்னு கேட்டா?

கொடுத்துடுவேன். ஆனா சும்மா இல்லை. 350 யென்.