செவ்வாய்க்கு முன் ஒரு திங்கள்

கோலாலம்பூருக்கு நீங்கள் எத்தனை முறை போயிருப்பீர்கள் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. தைப்பூசத்துக்குப் போயிருக்கிறேன். தங்கை மகள் கல்யாணத்துக்கு, மாமனாரைப் பெரிய மருத்துவமனையில் சேர்த்தபோது, ஒரு சாவுக்கு இராவோடு இராவாக, இப்படிப் பல முறை. ஆனால் ஊரைப் பார்க்கவென்று போனதுண்டா? அறுபத்தோரு வயது வரை இல்லை. பேராக் மாநிலத்தில் தோட்டத்திலே பிறந்து, வெட்டுக்காட்டிலே வளர்ந்து, பிள்ளைகளைக் கரையேற்றி, தாப்பா ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாமான் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் நான். தலைநகர் இரண்டு மணி நேரத் தூரம்கூட இல்லை. இருந்தும் எப்போதும் யாருக்காகவாவதுதான் போனோம், எங்களுக்காகப் போகவில்லை.

அதற்குக் காலம் வந்தபோது என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. இனிப்பு நீர்தான் காரணம். இந்த நாட்டில் நம்மவர் வீடுகளில் இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. உங்கள் லைனிலோ தாமானிலோ ஒருவராவது இருப்பார். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். சனிக்கிழமை முடிந்தால் அடுத்தது செவ்வாய்தான். ஆகவே எங்களுக்கு விடுமுறை என்பது ஞாயிறும் திங்களும். அந்த இடைவெளிதான் வாரத்திலேயே நீளமானது. ஆபத்தும் அதில்தான் அதிகம். குடித்த தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கும்.

"அம்மா, வேண்டாம். எங்கேயாவது ஏதாவது ஆகிவிட்டால்?" என்றாள் ஜொகூரில் இருக்கும் மூத்தவள். மகனோ காரில் அழைத்துப் போகிறேன் என்றான். அவன் சொல்லும் விடுமுறை நாள் ஒருபோதும் ஞாயிறு திங்களில் விழவில்லை. கடைசியில் இவரே ஒரு நாள் காலையில் கோப்பியை மூன்று மடக்கு குடித்துவிட்டு (அவருக்கு அளவு அவ்வளவுதான்), "டிக்கெட் எடு, புள்ள. ரயிலிலேயே போவோம். முப்பத்திரண்டு வருஷம் பால் லாரி ஓட்டினேன். ஒரு நாளாவது சன்னல் ஓரம் உட்கார்ந்து போகணும்" என்றார்.

போவதற்கு முன் நிலையத்துத் தாதியிடம் கேட்டுக்கொண்டோம். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள், முன்கூட்டியே ஏற்பாடு செய்தால் வெளியூர் நிலையத்திலும் டயாலிசிஸ் செய்துகொள்ளலாம் என்றார். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. எனக்குக் கிடைத்த உத்தரவுகள் இவை. ஊசி போடும் இடது கையில் சுமை தூக்கக் கூடாது, யாரும் அதை அழுத்தக் கூடாது. இளநீர், வாழைப்பழம், டுரியான் எதுவும் ஆகாது. பொட்டாசியம் ஏறினால் நெஞ்சுக்கே ஆபத்து. புளிச்சைக்காய் போலிருக்கும் அந்த நட்சத்திரப் பழம் கண்ணிலேயே படக்கூடாது. தண்ணீர், கோப்பி, குழம்பு, ரசம் எல்லாம் சேர்த்து நாளுக்கு முக்கால் லிட்டர். இந்தக் கணக்கு இவருக்கு இவர் மருத்துவர் சொன்னது. உங்கள் வீட்டு நோயாளிக்கு வேறாக இருக்கும். ஐஸ் கட்டிகளை ஒரு சின்னப் பிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டேன். ஒரு கட்டியை வாயில் வைத்திருந்தால் தாகம் கொஞ்ச நேரம் மறக்கும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், மறக்காதீர்கள்.

ஞாயிறு மாலை பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன விடுதியில் தங்கினோம். ஒரே ஒரு பை; அது என் தோளில். திங்கள் காலை விடிந்ததும் விடுதியைக் காலி செய்துவிட்டுக் கொமுட்டர் ரயிலில் பத்துமலைக்குப் போனோம். 2010இலிருந்து ரயில் மலையடிவாரம் வரைக்குமே போகிறது. அந்தக் காலத்துத் தைப்பூசத்தில் பஸ்ஸில் நசுங்கியதை நினைத்துக்கொண்டேன்.

பத்துமலையை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன் என்றுதான் எண்ணியிருந்தேன். உண்மையில் பார்த்தது முன்னால் போகிறவர் முதுகைத்தான்! அன்று கூட்டமில்லை. மலை மட்டும் இருந்தது. சுண்ணாம்புக் கல், நாற்பது கோடி வருஷத்துப் பழையது என்கிறார்கள். தம்புசாமி பிள்ளை 1890ஐ ஒட்டிக் குகையில் வேலை வைத்து வழிபாடு தொடங்கி, 1892இலிருந்து தைப்பூசம் நடந்து வருகிறது. அந்த மனிதர் கோலாலம்பூரின் மகாமாரியம்மன் கோயிலுக்கும் முன்னின்றவர். 2006இல் எழுந்த முருகன் சிலைக்கு 140 அடி உயரம். என் வீட்டுக்காரர் அதன் காலடியில் நிழலைப் பார்த்து உட்கார்ந்தார். 272 படி. "நீ ஏறு. நான் கீழே இருந்து எண்ணுறேன்" என்றார்.

எண்ணியிருப்பாரா என்ன? 2018இல் வர்ணம் அடித்த படிகள் அவை. நூறாவது படியில் என் முழங்கால் பேச ஆரம்பித்தது. ஒரு குரங்கு என் பையையே பார்த்துக்கொண்டு கூட வந்தது. பிளாஸ்க்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மேலே குகைக்குள், கூரையில் திறந்திருக்கும் துளை வழியாக வெளிச்சம் தூண் மாதிரி இறங்கியது. தைப்பூசத்தில் கற்பூரப் புகைக்குள் அது எனக்குத் தெரிந்ததே இல்லை. என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுத மாட்டேன். இறங்கி வந்தபோது இவர் சுற்றிலும் புறாக்களை வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவர் ஒருவரிடம் மலாயில் லாரிக் கியர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவரும் பழைய ஓட்டுநராம்.

திரும்பும்போது சென்ட்ரல் வரை போகாமல் பழைய கோலாலம்பூர் நிலையத்தில் இறங்கினோம். 1910இல் கட்டி முடித்தது. ஹப்பக் என்ற வெள்ளைக்காரர் வரைந்த வெள்ளை மாடங்கள். தூரத்து ரயில்களுக்கு இப்போது சென்ட்ரலே முக்கிய நிலையமாகிவிட்டதால் நிலையம் ஓய்வு பெற்ற பெரிய கிராணி மாதிரி மிடுக்காகச் சும்மா இருக்கிறது. அங்கிருந்து பாலம் தாண்டினால் சென்ட்ரல் மார்க்கெட். 1888இலிருந்து மீனும் காய்கறியும் விற்ற இடம், 1937இல் இந்தக் கட்டடம் வந்தது. இப்போது கைவினைப் பொருள்களும் பத்திக்கும் கடைகள். விலை கேட்டேன், வாங்கவில்லை. குளிர்சாதனம் இலவசம் அல்லவா? அரை மணி நேரம் உட்கார்ந்தோம்.

பிறகு ஆற்றோரமாக மெதுவாக நடந்து, கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கிற இடத்தைப் பார்த்தோம். நடுவிலே 1909இல் எழுந்த ஜாமெக் பள்ளிவாசல். இந்த ஊரின் பெயரே இங்கிருந்துதான் வந்தது: கோலா என்றால் ஆறு கலக்கும் வாய், லும்பூர் என்றால் சேறு. ஈயம் தோண்ட வந்தவர்கள் 1857இல் இந்தச் சேற்றில்தான் இறங்கினார்கள். பக்கத்திலேயே 1897இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடமும் எதிரே மெர்டேக்கா சதுக்கமும். 1957 ஆகஸ்ட் 31 பிறந்த நள்ளிரவில் வெள்ளைக்காரன் கொடி இறங்கிய திடல். என் அப்பாவுக்கு அப்போது பதினேழு வயது. கிராணி வீட்டு வானொலியைச் சுற்றித் தோட்டமே நின்றதாம். "அங்கே என்ன நடந்தது என்று கேட்டேனே தவிர எப்படி இருக்கும் என்று தெரியாது" என்பார். இப்போது எனக்குத் தெரியும்: பச்சைப் புல், பெரிய கம்பம், வெயில். அப்பா இல்லை சொல்வதற்கு.

452 மீட்டர் இரட்டைக் கோபுரத்தையும், 2024இல் திறந்த 678.9 மீட்டர் மெர்டேக்கா 118ஐயும் தூர இருந்தே கும்பிட்டாகிவிட்டது. அண்ணாந்து பார்க்கப் பணம் கேட்கவில்லை.

அடுத்தது கிள்ளான். அதே பழைய நிலையத்தில் ஏறினோம். இவருக்குச் சன்னல், எனக்குப் பை. இந்தப் பாதை 1886இல் போட்டது. மலாயாவில் தைப்பிங் பாதைக்கு அடுத்த இரண்டாவது. காட்டை வெட்டித் தண்டவாளம் போட்டவர்களில் நம் சனங்கள் நிறையப் பேர். இவர் ஷா ஆலம் வரை தூங்காமல் ஒவ்வொரு லாரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கிள்ளானில் தெங்கு கெலானா சாலை முழுக்கப் பூவும் புடவையும் பலகார வாசனையும். தீபாவளிக்கு இல்லாமல் சும்மா ஒரு திங்கட்கிழமையிலே அந்தத் தெருவில் நடப்பது தனிச் சுகம். ஒரு முழம் மல்லிகை வாங்கி இவரே கொடுத்தார். (வலது கையால்தான்.) இலைச் சாப்பாட்டுக் கடையில் சோறு, கோசுப் பொரியல், ஒரு சின்னத் துண்டு மீன். அப்பளம், ஊறுகாய் வேண்டாம். உப்பு தாகத்தைக் கூட்டும். பரிமாறிய தம்பி, "ஐயா, ரசம் ஊத்தட்டுமா?" என்று வாளியோடு நின்றான். இவர் அந்த ரசத்தைப் பழைய சிநேகிதனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ரெண்டு கரண்டி" என்றார். நான் ஒன்று என்றேன். ஒன்று ஊற்றினான். அதைச் சோற்றில் பிசையாமல் தனியாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கையில் வாங்கிக் குடித்தார். சுற்றுலா என்றால் இதையெல்லாம் எழுதுவார்களா என்று தெரியாது. எனக்கு அந்த நாளில் மறக்காத இடங்களில் அதுவும் ஒன்று.

வெளியே வந்தபோது மணி மூன்றேகால். மேற்கே வானம் கறுத்திருந்தது. எங்கள் ஊர் ரயில் சென்ட்ரலில் மாலை ஏழு மணிக்கு. அதைத் தவறவிட்டால் காலை ஆறு மணிக்கு டயாலிசிஸ் நாற்காலி காலியாக இருக்கும். "போதும், திரும்பிவிடுவோம்" என்றேன்.

"இன்னும் அஞ்சு ஸ்டேஷன்தானே" என்றார்.

வாசகர்களே, அந்த ஐந்தாவது நிலையம் போர்ட் கிள்ளான். 1972 வரை அதற்குப் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். 1937இல் என் அப்பாயி நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி, பதினேழு வயதில், ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கிய இடம். அடுத்த வருஷமே, 1938இல், தோட்ட வேலைக்கு உதவி கொடுத்து ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. ஒரு வருஷம் தாமதித்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்! கப்பலில் வாந்தி எடுத்ததையும், கரையில் சேற்று வாடை அடித்ததையும், இறங்கிய இடத்தில் பெயர் எழுதியவன் அங்கம்மாளை அங்கம்மா என்று எழுதிச் சாகும்வரை அடையாள அட்டையில் அப்படியே நின்றதையும் அப்பாயி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். கல்யாணமான புதிதில் நான் இவரிடம் ஒரே ஒரு தடவை, "அந்த இடத்தைப் பார்க்கணும்" என்றேன். நாற்பது வருஷம் ஆகிறது. நானே மறந்த பேச்சு.

"உடம்பு தாங்குமா?" என்று கேட்டேன்.

"தாங்காமப் போறதுக்கு முன்னாடிதானே போகணும்" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

கடைசி நிலையத்தில் இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. பக்கத்திலே கேத்தாம் தீவுக்குப் படகு விடும் துறை. கூரைக்கடியில் நின்றோம். பழுப்பு நிறத் தண்ணீர், கண்டல் மரங்கள், தூரத்தில் பெரிய பெரிய பாரந்தூக்கிகள் மழையில் மங்கலாக. அப்பாயி இறங்கிய துறை எந்த மூலையில் இருந்தது என்று யாரிடம் கேட்பது? வாடை மட்டும் சரியாக இருந்தது. சேறும் உப்பும் மீனும். அப்பாயி சொன்னது இதுதான் என்று எனக்கு உடனே பட்டது. இவர் என் பக்கத்தில் இடது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். வாய் உலர்ந்திருந்தது. பிளாஸ்க்கில் இரண்டு கட்டிதான் மிச்சம். ஒன்றைக் கொடுத்தேன். மற்றதை, "நீ போட்டுக்க, உனக்கும் தாகமா இருக்கும்" என்றார். எனக்கு யாரும் அளவு வைக்கவில்லை, கடையில் ஒரு போத்தல் வாங்கிக்கொள்ளலாம். ஆனாலும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். கால் மணி நேரம் அப்படியே நின்றோம்.

திரும்பும் ரயில் மழையில் தடவித் தடவிப் போனது. ஒவ்வொரு நிலையத்திலும் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இவர் சன்னலைப் பார்த்தார். சென்ட்ரலில் இறங்கியபோது இருபத்தைந்து நிமிஷம் மீதி. பெரியவர்களுக்கு வழிவிட்டு மின்தூக்கியில் ஏற்றிய மலாய்ப் பையன் ஒருவன் என் பையையும் வாங்கிக்கொண்டு நடைமேடை வரை வந்தான். நன்றாக இருக்கட்டும்.

செவ்வாய் காலை ஆறு மணிக்குத் தராசில் ஏறினார். சனிக்கிழமையிலிருந்து இரண்டு கிலோ நூறு கிராம் ஏறியிருந்தது. இரண்டரை தாண்டினால் தாதி திட்டுவார்; திட்டவில்லை. "அங்கிள், எங்கேயோ போனீங்களாமே?" என்று கேட்டுக்கொண்டே ஊசியைப் போட்டார். பக்கத்து நாற்காலிக்காரரும் தலையைத் திருப்பினார். நாலு மணி நேரம் இருந்தது. இவர் பத்துமலைப் புறாக்களில் ஆரம்பித்தார்.