சான்பிரான்சிஸ்கோ எத்தனை தொலைவு?

2023ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நிகழ்ந்தது இது. கிருஷ்ணகிரிப் பக்கத்து எங்கள் பங்கில் முதிய தாயொருவர் ஒரு திங்கட்கிழமை இரவு இறைவனடி சேர்ந்தார். அவருடைய ஒரே மகன் அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ நகரில் பணிபுரிபவர்.

"சாமி, தம்பி அங்கே செவ்வாய் இரவு ஒன்பது மணிக்கு ஏறுகிறானாம். நேரே பெங்களூருக்கு வருகிற விமானம். பதினேழரை மணி நேரமாம். புதன் மாலை அடக்கம் வைத்துக்கொள்ளலாமா?" என்று மூத்த மகள் கேட்டார். நானும் விரல்விட்டு எண்ணிப் பார்த்துச் சரியென்றேன். உபதேசியார் ஒலிபெருக்கியில் அறிவித்தும்விட்டார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை, ஏதோ உறுத்திற்று. பள்ளியிலிருந்த பூகோள உருண்டையை வரவழைத்தேன். சுவரில் தொங்கும் தட்டையான படத்தில் அடிமட்டம் வைத்தால் கோடு அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று மேற்கே ஓடுகிறது. உருண்டையின்மேல் நூலை இழுத்துப் பிடித்தாலோ, அது மேற்கே போக மறுக்கிறது! பெங்களூரிலிருந்து வடக்கே ஏறி, நேப்பாளம், மங்கோலியா, சைபீரியா ஆகியவற்றைக் கடந்து, ஆர்க்டிக் கடலின் விளிம்பைத் தொட்டு, அலாஸ்கா வழியாகக் கலிபோர்னியாவில் இறங்குகிறது. குறுகிய வழி அதுதான்.

எங்கள் உருண்டையின் நடுச்சுற்று 94 சென்டிமீட்டர்; பூமியின் சுற்றளவோ ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். நூலின் நீளம் 33 சென்டிமீட்டர். ஆகவே தொலைவு சுமார் 14,000 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பதினைந்தரை மணி நேரம் போதுமே, பின் பதினேழரை ஏன்?

வானூர்தி நூலிழையில் செல்வதில்லை. உயர்ந்த மலைகளையும், பறக்கத் தடையுள்ள வான்பகுதிகளையும் அது சுற்றிச் செல்லவேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆறுபோல் விரைந்தோடும் காற்றும் கணக்கை மாற்றும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா நிறுவனம் தன் தில்லி-சான்பிரான்சிஸ்கோ விமானத்தை 13,900 கிலோமீட்டர் அட்லாண்டிக் வழியை விடுத்து, 15,300 கிலோமீட்டர் பசிபிக் வழியே அனுப்பியது. தொலைவு 1,400 கிலோமீட்டர் கூடியும், காற்று பின்னின்று தள்ளியதால் பதினான்கரை மணி நேரத்தில், முன்னிலும் விரைவாகவே, போய்ச் சேர்ந்தது. சுற்றுவழியே விரைவான வழியாயிற்று!

இதையெல்லாம் வியந்துகொண்டிருந்தபோதுதான் என் பிழை விளங்கியது. செவ்வாய் இரவு ஒன்பதோடு பதினேழரையைக் கூட்டினால் புதன் பிற்பகல் இரண்டரை. ஆனால் அது கலிபோர்னியக் கடிகாரம். குளிர்காலத்தில் நம் நேரம் அவர்களுக்குப் பதின்மூன்றரை மணி முன்னே நிற்கிறது (கோடையில் பன்னிரண்டரை). ஆகவே அவர் இறங்குவது நமக்கு வியாழன் விடியற்காலை நான்கு மணி! புதன் மாலை நாம் மண் தள்ளும்போது, மகன் எங்கோ வானில் இருந்திருப்பார்.

புதன் காலைத் திருப்பலி முடிந்ததும் தவறு என்னுடையதென்று பீடத்திலிருந்தே சொல்லி, அடக்கத்தை வியாழன் பத்து மணிக்கு மாற்றினேன். சேலத்திலிருந்து பேருந்து ஏறிவிட்ட உறவினர் சிலர் முணுமுணுத்தனர், நியாயமே. குளிர்பெட்டிக்கு இன்னொரு நாள் வாடகை ஆயிற்று.

விமான நிலையமோ பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளியில். நாங்கள் இருப்பது நகரின் தெற்கே. பெட்டி வந்து, நகரைக் கடந்து, ஓசூர்ச் சாலையைப் பிடித்து, எட்டே முக்காலுக்கு அவருடைய கார் வீட்டு வாசலில் நின்றது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார். நாங்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டோம்.