போய்ட்டு வரேன்

என் அண்ணன் மோட்டார் துடைக்கும் துணியில் 23 என்ற எண் இருக்கிறது. 2007-இல் பாசார் மாலாமில் நான் வாங்கிய கிளீவ்லண்ட் கேவலியர்ஸ் ஜெர்சி அது. அசல் இல்லை. மூன்றாவது சலவையிலேயே சாயம் போய்விட்டது. ஆனாலும் அந்த வருடம் லெப்ரான் ஜேம்ஸ் ஒரு சாதாரண அணியை என்பிஏ இறுதிச்சுற்றுவரை இழுத்துச் சென்றிருந்தார். நான்கு ஆட்டத்திலும் தோற்றார்கள் என்பது வேறு கதை. அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டுதான் தினமும் மாலையில் கோர்ட்டுக்குப் போவேன்.

2009-இல் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது அதை வீட்டிலேயே விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து வந்து பார்த்தால், அண்ணன் அதைக் கிழித்து மோட்டார் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏண்ணே, அது என் சட்டைண்ணே."

"நீதான் போய்ட்டியே. சட்டை எதுக்கு?"

சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். தாத்தாவும் அப்பாவும் பால் மரம் வெட்டினார்கள். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது லயத்தைக் காலி செய்துவிட்டுத் தாமானில் ஒரு மலிவுவிலை வீட்டுக்கு வந்தோம். தோட்டத்துத் திடலில் காற்பந்து ஆடிய பையன்களுக்குத் தாமானில் திடல் இல்லை. சீனப்பள்ளிக்குப் பின்னால் ஒரு கூடைப்பந்து கோர்ட்தான் இருந்தது. மீ கடை வைத்திருந்த ஒரு சீன அங்கிள் அங்கே பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பார். நானும் அண்ணனும் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் என் உயரத்தைப் பார்த்து உள்ளே கூப்பிட்டார். அண்ணனை நான் இழுத்துப் போனேன். ஆறு மாதத்தில் அவன் என்னைவிட நன்றாக ஆடினான். ஆனால் லாரி வேலைக்குப் போக ஆரம்பித்ததும் கோர்ட் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான். "நீ ஆடு, நான் பாத்துக்கறேன்" என்றான். எதைப் பார்த்துக்கொள்வான் என்று அப்போது நான் கேட்கவில்லை.

மாவட்டப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சிங்கப்பூர் வேலைக்கான கடிதம் வந்தது. அங்கிளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஈப்போவிலிருந்து இரவு பஸ். பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று "போறேம்மா" என்றேன்.

"போய்ட்டு வரேன்னு சொல்லுடா" என்றார் அம்மா.

"சரிம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அந்தச் சொல்லைச் சொல்லாமலே போனேன். நான் இல்லாத அணி முதல் சுற்றிலேயே தோற்றது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த வருடம் ஜூலை 9 காலை, இரவு ஷிப்ட் முடிந்து தொழிற்சாலைக் கேண்டீனில் பசியாறிக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சியில் லெப்ரானைப் பார்த்தேன். அமெரிக்காவில் அப்போது 8-ஆம் தேதி இரவு. ஏழு பருவங்கள் கிளீவ்லண்டுக்கு ஆடியவர், மயாமிக்குப் போகிறேன் என்று ஒரு நேரலை நிகழ்ச்சி நடத்தி அறிவித்தார். ஊருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஊர்க்காரர்களும் உலகத்தோடு உட்கார்ந்து தொலைக்காட்சியில்தான் தெரிந்துகொண்டார்கள். அன்றிரவே கிளீவ்லண்ட் தெருக்களில் 23-ஆம் எண் ஜெர்சிகள் எரிந்தன. அணியின் உரிமையாளர் டான் கில்பர்ட் அவரைக் கோழை என்றும் துரோகி என்றும் சாடி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அரங்கத்துக்கு எதிரே பத்து மாடி உயரத்தில் தொங்கிய அவருடைய படத்தைச் சில நாட்களில் இறக்கிவிட்டார்கள்.

ஒரு விளையாட்டு வீரன் வேலை மாற்றியதற்கு இவ்வளவா என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் கேட்டார். எனக்குச் சங்கிலி துடைக்கும் துணி ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகுதான் லெப்ரானின் ஊரைப் பற்றித் தேடிப் படித்தேன். அவர் பிறந்தது கிளீவ்லண்டில் அல்ல. அதற்குத் தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அக்ரோனில். 1984 டிசம்பர் 30 அன்று அவர் பிறந்தபோது அம்மாவுக்கு 16 வயது. வாடகை கட்ட முடியாமல் வீடு வீடாக மாறியதில் நான்காம் வகுப்பில் 80 நாட்களுக்கு மேல் பள்ளிக்கே போகவில்லை.

ஆனால் என்னை நிறுத்தியது வேறொரு செய்தி. அக்ரோனுக்கு ஒருகாலத்தில் உலகத்தின் ரப்பர் தலைநகரம் என்று பெயர். குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச், ஜெனரல் டயர் எல்லாம் அந்த ஊரில் வளர்ந்தவை. 1920களில் உலகத்தில் விளைந்த ரப்பரில் பெரும்பகுதியை வாங்கியது அமெரிக்கா. அதில் பெரும்பகுதி மலாயாவிலிருந்து போனது. பிரிட்டிஷ்காரர்கள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதால் கோபப்பட்டுத்தான் ஃபயர்ஸ்டோன் 1926-இல் லைபீரியாவில் சொந்தத் தோட்டம் போடப் போனார். அதிகாலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, எங்கள் ஆட்கள் மங்கில் சேர்த்த பால், கடல் தாண்டி அந்த ஊரில் டயராக உருண்டிருக்கிறது.

1980களின் தொடக்கத்துக்குள் அக்ரோனில் கார் டயர் செய்வது நின்றுபோனது. 1960-இல் 2,90,000 பேர் இருந்த ஊரில் 2010-இல் இரண்டு லட்சம் பேர்கூட இல்லை. அங்கே தொழிற்சாலை மூடியது. இங்கே மரத்தை வெட்டினார்கள். இரண்டு இடத்திலும் பையன்கள் பையைத் தூக்கினார்கள். லெப்ரானோடு என்னை ஒப்பிடுவது சிரிப்புக்கிடம் என்று தெரியும். அவர் கோப்பைக்காகப் போனார். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு இரண்டரை ரிங்கிட்டை ஒட்டிக் கிடைத்ததால் நான் போனேன். ஆனால் எல்லாரும் விட்டுப்போகும் ஊரில் இன்னொருவன் போகும்போது, இருப்பவர்களுக்கு ஏன் அப்படி எரிகிறது என்பது புரிந்தது. நீயும் இங்கே இருக்கிறாய் என்பது ஒன்றுதான் அந்த ஊருக்கு மிச்சமிருந்த பெருமை. அதையும் பையில் போட்டுக்கொண்டு போகிறாய்.

2010 டிசம்பர் 2 அன்று லெப்ரான் மயாமி சட்டையில் கிளீவ்லண்டுக்கு வந்தார். பந்தைத் தொட்டபோதெல்லாம் அரங்கம் கூச்சலிட்டது. அவர் 38 புள்ளிகள் எடுத்தார். மயாமி 118-90 என்று வென்றது. அந்தப் பருவத்தில் கிளீவ்லண்ட் தொடர்ந்து 26 ஆட்டங்களில் தோற்றது. 2012-இலும் 2013-இலும் அவர் மயாமியில் கோப்பை வாங்கினார். நான் மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பினேன். தீபாவளிக்கு வருவேன். வீட்டில் யாரும் கூச்சல் போடவில்லை. அண்ணன் அந்த நாட்களில் மட்டும் தூரத்து லாரி ஓட்டங்களைக் கேட்டு வாங்கிக்கொள்வான்.

2014 ஏப்ரலில் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. அம்மாவால் தூக்க முடியவில்லை. ஜூனில் வேலையை விட்டுவிட்டு வந்தேன். ஜூலை நடுவில் ஒருநாள், நள்ளிரவு தாண்டி மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது. லெப்ரான் கிளீவ்லண்டுக்கே திரும்புகிறார். இந்தமுறை தொலைக்காட்சி நிகழ்ச்சி இல்லை. ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழில் லீ ஜென்கின்ஸ் என்ற பத்திரிகையாளரிடம் சொல்லி எழுதிய சிறிய கட்டுரை. கோப்பை வாங்கித் தருவேன் என்று அதில் வாக்குக் கொடுக்கவில்லை. எரித்த ஜெர்சிகளையும் கில்பர்ட்டின் கடிதத்தையும் மறைக்கவில்லை. கில்பர்ட்டை நேரில் பார்த்துப் பேசியதாகவும், தானும் தவறுகள் செய்தவன்தான் என்றும் சொல்லியிருந்தார்.

அண்ணன் பக்கத்தில் அரைத்தூக்கத்தில் இருந்தான். கைப்பேசியைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"அவனுக்கு என்னடா, எப்ப வந்தாலும் மாலை போடுவானுங்க. கூட இருந்து தோத்தவனுக்கு யாரு போடுவா?"

பதில் இல்லை என்னிடம்.

2014 அக்டோபர் 30 அன்று லெப்ரானின் முதல் உள்ளூர் ஆட்டம். புதிய படம் தொங்கவிட்டிருந்தார்கள், ஊரே கூடியிருந்தது. நியூயார்க் நிக்ஸிடம் 95-90 என்று தோற்றார்கள். அவர் 17 புள்ளிகள்தான் எடுத்தார். எட்டு முறை பந்தைப் பறிகொடுத்தார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. ஏனென்றால் திரும்பி வந்த முதல் மாதங்களில் நான் செய்ததும் அதுதான். காலை மாத்திரையை இரவில் கொடுத்தேன். அப்பா கை காட்டுவது தண்ணீருக்கா, கழிவறைக்கா என்று தெரியவில்லை. அண்ணன் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேசாமல் தூக்கிக்கொண்டு போவான். ஐந்து வருடத்தில் அந்த வீட்டுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. அது நான் இல்லாமல் நடக்கும் பழக்கம். நான் திரும்பி வந்தது என் வீட்டுக்கல்ல, அவர்கள் வீட்டுக்கு.

கோர்ட்டுக்குப் போகத் துணிவு வர ஒரு வருடம் ஆனது. மீ கடை அங்கிள் தலை முழுக்க நரைத்திருந்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சுடா பாலேக் கா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். ஒரு பந்தை என் பக்கம் உருட்டிவிட்டு, சின்னப் பையன்களைக் காட்டினார். ஏன் சொல்லாமல் போனாய் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வாரம் இரண்டு மாலை அந்தப் பையன்களோடு நின்றேன்.

2016 ஜூன் 20, திங்கட்கிழமை காலை எட்டு மணி. அமெரிக்காவில் ஞாயிறு. இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டம். அந்தப் பருவத்தில் 73 ஆட்டங்கள் வென்ற கோல்டன் ஸ்டேட்டிடம் 3-1 என்று பின்தங்கி, அங்கிருந்து சமன் செய்திருந்தார்கள். கிளீவ்லண்ட் நகரத்துக்குப் பெரிய கோப்பை கிடைத்து 52 வருடம் ஆகியிருந்தது. கடைசியாக வென்றது 1964-இல் பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் காற்பந்து அணி. அங்கிளின் மீ கடை இருந்த கோப்பிக்கடையில் தொலைக்காட்சி ஓடியது. அப்பாவைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போயிருந்தேன். அவருக்குக் கூடைப்பந்து தெரியாது. பேரு கோப்பியைக் குழாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் அண்ணன் லாரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான்.

89-89. இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. கோல்டன் ஸ்டேட்டின் இகுவடாலா தனியாகக் கூடையை நோக்கி ஓடுகிறார். பந்து போய்விட்டது என்றே நினைத்தோம். பின்னாலிருந்து லெப்ரான் ஓடிவந்து எழும்பி, அந்தப் பந்தைப் பலகையோடு வைத்து அடித்தார். அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். அப்புறம் இர்விங்கின் மூன்று புள்ளி. 93-89. லெப்ரான் தரையில் முகம் புதைத்து அழுதார். கிளீவ்லண்ட், இது உனக்குத்தான் என்று கத்தினார்.

கடையில் ஒரே சத்தம். அண்ணன் மெதுவாக உட்கார்ந்தான்.

"எத்தன வருஷம் வெளிய இருந்தான்?"

"நாலு."

"நீ அஞ்சு" என்றான். அப்பாவின் வாயோரம் வழிந்த கோப்பியைத் துடைத்தான். எல்லாருடைய கோப்பிக்கும் அவனே காசு கொடுத்துவிட்டு லாரிக்குப் போனான். எழுந்து போகும்போது என் தோளில் கை வைத்தானா, நாற்காலியைப் பிடித்துக்கொண்டானா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

அப்பா 2017-இல் காலமானார். 2018-இல் மறுபடி சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. ஒரு சிங்கப்பூர் வெள்ளி ஏறத்தாழ மூன்று ரிங்கிட் ஆகியிருந்தது. வீட்டில் கடனும் இருந்தது. அதே ஜூலையில் லெப்ரானும் கிளீவ்லண்டை விட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனார். இந்தமுறை தெருவில் பெரிய தீ எதுவும் எரியவில்லை. அன்று திட்டி எழுதிய அதே கில்பர்ட் நன்றி சொல்லி எழுதினார். 23-ஆம் எண்ணை ஒருநாள் யாருக்கும் தராமல் நிறுத்திவைப்போம் என்றார். மாத இறுதியில், அக்ரோனில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக லெப்ரானின் அறக்கட்டளை முன்னின்று தொடங்கிய பள்ளி திறந்தது. நவம்பரில் அவர் லேக்கர்ஸ் சட்டையில் வந்தபோது அரங்கமே எழுந்து கை தட்டியது. அன்றும் கிளீவ்லண்ட் தோற்றது. எட்டு வருடத்துக்கு முன் கூச்சலிட்ட அதே அரங்கம்தான்.

கோப்பை கொடுத்ததால் மன்னித்தார்கள் என்று சொல்வார்கள். அதுவும் உண்மைதான். எனக்கென்னவோ, அவர் ஒருமுறை திரும்பி வந்ததால்தான் என்று தோன்றுகிறது. ஒருமுறை வந்தவன் போகும்போது, அது வேறு மாதிரிப் போவது. நம் வீடுகளில் "போறேன்" என்று சொன்னால் பெரியவர்கள் முகம் சுருங்குவது சகுனம் பார்ப்பதால் மட்டும் இல்லை. இருப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டிய ஒரு வாக்கு அந்தச் சொல்லில் விட்டுப்போகிறது.

கிளம்பிய அன்று சாயங்காலம் அண்ணன் வாசலில் மோட்டார் துடைத்துக்கொண்டிருந்தான். துணியில் 3 மட்டும்தான் தெரிந்தது. அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்து அவன் பக்கத்தில் நின்றேன்.

"போய்ட்டு வரேண்ணே."

நிமிர்ந்து பார்க்கவில்லை. சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான்.

"தீபாவளிக்கு டிக்கட்ட முன்னாடியே எடுத்துடு. கடைசி நேரத்துல பஸ் இல்லன்னு போன் பண்ணாத."