சாப்பாடு சாக்கு, சோபா சரக்கு

சிகாகோவில் ஏழைக் கலைஞர்களுக்காகக் கட்டிய பழைய விடுதியில் இப்போது பணக்கார பர்னிச்சர் கடை. அதன் நடுமுற்றத்தில் ஞாயிறு விருந்து களைகட்டுகிறது.

ஞாயிறு முற்பகல். சிகாகோவின் செல்வந்தர் பேட்டையான கோல்டு கோஸ்டில், டியர்பார்ன் தெருவில் நிற்கிற அந்தச் செங்கல் கட்டடம் வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ பழைய தூதரகம் போல இருக்கிறது. உள்ளே நுழைந்தால் கோடீஸ்வரர் வீட்டு வரவேற்பறை. சோபாக்கள், கட்டில்கள், ஆளுயர விளக்குகள். இரண்டுமில்லை, இது கடை. பெயர் ஆர்.எச். ஆனால் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களில் பலர் சோபாவைத் திரும்பியும் பார்ப்பதில்லை. நேராக நடுமுற்றத்துக்குப் போகிறார்கள். அங்கேதான் சாப்பாடு.

ஒரு காலத்தில் திறந்த வெளியாக இருந்த முற்றத்துக்கு இப்போது கண்ணாடிக் கூரை. மேலிருந்து வெயில் பொழிகிறது. நடுவில் நீரூற்று, சுற்றிலும் மரங்கள், தலைக்கு மேலே சரவிளக்குகள். உட்காரும் இருக்கை, சாயும் மெத்தை, தட்டு வைக்கும் மேஜை எல்லாமே கடையின் பாணி. காலை உணவும் அல்லாமல் மதிய உணவும் அல்லாமல் இரண்டுக்கும் நடுவில் சாவகாசமாகச் சாப்பிடுவதற்கு மேல்நாட்டில் 'ப்ரஞ்ச்' என்று பெயர். கை பெரிஞ்சர் என்ற ஆங்கில எழுத்தாளர் 1895இல் பத்திரிகைக் கட்டுரை ஒன்றில் இதற்காக வாதாடினார். சனிக்கிழமை இரவு கூத்தடித்தவர்கள் ஞாயிறு காலை அவசரமாக எழ வேண்டியிருக்காது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. வாதம் எடுபட்டதை இங்கே பார்க்கலாம். முட்டை, வெண்ணெய்ப்பழம் தடவிய ரொட்டி, ட்ரஃபிள் காளான் மணக்கும் சீஸ் டோஸ்ட், பர்கர். யாரும் அவசரப்படுவதில்லை.

அவசரப்படாமல் இருப்பதுதான் வியாபாரத்தின் சூட்சுமம். சோபாவைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை வாங்கினாலே அதிகம். பசி அப்படியல்ல, தினமும் வரும். சாப்பிட வந்தவர் ஒன்றரை மணி நேரம் அந்த மெத்தையில் சாய்ந்து, அந்த விளக்கொளியில் பேசிச் சிரித்துவிட்டு எழும்போது, தன் வீட்டு நாற்காலி கொஞ்சம் மட்டமாகத் தெரியத் தொடங்கும். பிறகு ஒயின் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டே மாடிகளைச் சுற்றிப் பார்க்கலாம். எல்லாவற்றையும் இணையத்தில் வாங்கிவிடும் காலத்தில், வீட்டில் இருந்தபடியே அனுபவிக்க முடியாத ஒன்றைத் தந்தாக வேண்டும் என்று கடை கணக்குப் போட்டிருக்கிறது.

இந்தத் தந்திரம் இந்த ஊருக்குப் புதிதல்ல. சிகாகோவின் புகழ்பெற்ற மார்ஷல் ஃபீல்ட் பல்பொருள் அங்காடியில் 1890இல், தொப்பிப் பிரிவில் வேலை பார்த்த திருமதி ஹெரிங், பசித்த வாடிக்கையாளர்களுக்குத் தன் கோழிக்கறிப் பையைப் பகிர்ந்துகொடுத்ததாகக் கதை உண்டு. சாப்பிட்டவர்கள் வீட்டுக்குப் போகாமல் மீண்டும் கடையைச் சுற்றினார்களாம். 1907இல் அங்கே வால்நட் ரூம் உணவகம் திறக்கப்பட்டது. 2006இல் கடை மேசீஸ் என்று பெயர் மாறிய பிறகும் அந்தப் பை பட்டியலில் தொடர்ந்தது.

ஸ்வீடனின் ஐக்கியா இதையே நடுத்தர வர்க்கத்துக்குச் செய்தது. 2018 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தபோது, ஆயிரம் பேர் உட்காரும் உணவகமும் 99 ரூபாய் பிரியாணியும் கூடவே வந்தன. ஆர்.எச். நேர் எதிர் திசை. 1979இல் கலிஃபோர்னியாவின் யுரேகாவில், தன் பழைய வீட்டைப் புதுப்பிக்கக் கதவுப் பிடிகளும் கீல்களும் கிடைக்காமல் அலைந்த ஒருவர் தொடங்கிய சின்னக் கடைதான் பிற்பாடு பங்குச் சந்தைக்குப் போய் 70,000 சதுர அடி மாளிகையாக 2015இல் இங்கே வந்து உட்கார்ந்தது. அந்த மாளிகையை அது கட்டவில்லை என்பதில்தான் கதையே இருக்கிறது.

இசை, ஓவியம், நாடகம் ஆகிய மூன்று கலைகளைப் படிக்கப் பெருநகருக்குத் தனியாக வரும் இளம்பெண்களுக்குப் பாதுகாப்பாகத் தங்க இடம் வேண்டும் என்று 1912இல் த்ரீ ஆர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. பின்னாளில் நோபல் அமைதிப் பரிசு பெற்ற ஜேன் ஆடம்ஸும் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஹோலபர்டு அண்ட் ரோஷ் நிறுவனம் வடிவமைத்த இந்தக் கட்டடம் 1914இல் எழுந்தது. பெண்கள் குறைந்த செலவில் தங்கிப் பாடினார்கள், வரைந்தார்கள், ஒத்திகை பார்த்தார்கள். 1981இல் நகரம் இதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. ஆனால் சின்னம் என்ற பட்டம் கூரை ஒழுகுவதை நிறுத்திவிடாது. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விடுதி மூடப்பட்டது. 2007இல் கட்டடம் விற்கப்பட்டது. சில காலம் பூட்டிக் கிடந்தது.

ஆகவே முற்றத்தில் முட்டை சாப்பிடுகிறவர்களை ஏளனம் செய்வது சுலபமல்ல. பணக்காரக் கடை வராமல் போயிருந்தால் இந்தத் தூண்களும் வளைவுகளும் இன்னும் இருட்டில் கிடந்திருக்கலாம். இப்போது தெருவில் போகும் யாரும் உள்ளே வரலாம். சோபா வாங்க வழியில்லாதவர்கூட ஒரு காபியோடு ஒரு மணி நேரம் இந்த வீட்டில் குடியிருந்துவிட்டுப் போகலாம். ஆனால் குடியிருப்பு அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும்தான். வயலினைத் தூக்கிக்கொண்டு சின்ன ஊரிலிருந்து வந்து இறங்கும் பெண்ணுக்கு மாடியில் இப்போது கட்டில் இருக்கிறது, விரிப்பும் இருக்கிறது. அவள் படுக்க முடியாது, அது விற்பனைக்கு.

கிளப் கலைந்துவிடவில்லை. த்ரீ ஆர்ட்ஸ் என்ற பெயரிலேயே நிதியுதவி அமைப்பாக உருமாறி, கட்டடம் விற்ற பணத்தை ஆதாரமாக வைத்து சிகாகோவின் பெண் கலைஞர்களுக்கும், கறுப்பின மற்றும் பிற சிறுபான்மை இனக் கலைஞர்களுக்கும், மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கும் விருதும் உதவித்தொகையும் கொடுத்துவருகிறது. அந்தப் பணத்தை அவர்கள் விருப்பம்போலச் செலவு செய்யலாம். பலருக்கு அதில் முதல் செலவு வீட்டு வாடகையாகத்தான் இருக்கும்.