வந்து சேரும் கோப்புகளுக்கு ஒரு கெடு

உதவித்தொகை தரும் அறக்கட்டளையானாலும் சரி, ஆள் எடுக்கும் சிறு நிறுவனமானாலும் சரி, இன்று விண்ணப்பம் வாங்குவது பெரும்பாலும் ஒரு கூகுள் ஃபார்ம் லிங்க் மூலம்தான். பெயர், ஊர், மதிப்பெண் என்று கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் ஆதார், வருமானச் சான்றிதழ், பாஸ்புக்கின் முதல் பக்கம் ஆகியவற்றை இணைக்கச் சொல்வார்கள். மாணவி செல்போனில் படம் எடுத்து அப்லோடு செய்த மறு நிமிடம், அது படிவத்தை உருவாக்கியவரின் கூகுள் டிரைவில் தனி ஃபோல்டரில் போய் உட்கார்ந்துவிடும். மெயில் மெயிலாகத் திறந்து டவுன்லோடு செய்ய வேண்டியதில்லை. இணைப்பு விட்டுப்போயிற்று என்று யாரையும் திரும்பக் கூப்பிட வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் கோப்பு வரும் வழியை மட்டும் அமைத்துவிட்டு, அது எப்போது, யார் கையால் அழிக்கப்படும் என்பதை அமைக்காமலேயே லிங்க்கை வெளியே விடுகிறோம். அழிக்கும் நாளும் முடிவாகாத ஒரு படிவத்தில் ஆவணம் கேட்பதே தவறு என்பது என் கட்சி.

கோப்பு எங்கே போகிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கூகுள் ஃபார்மில் கோப்பு ஏற்ற வேண்டுமானால், ஏற்றுபவர் கூகுள் கணக்கில் லாகின் செய்திருக்க வேண்டும். ஏறிய கோப்பின் பெயருக்குப் பின்னால் அந்தக் கணக்குக்காரரின் பெயர் தானாகவே ஒட்டிக்கொள்ளும். கிராமத்து மாணவர் பிரவுசிங் சென்டருக்குப் போய், அங்கே ஏற்கெனவே திறந்திருக்கும் கணக்கிலிருந்து விண்ணப்பித்தால், ஃபோல்டரில் அவருடைய சான்றிதழ் சென்டர்காரரின் பெயரைச் சுமந்து நிற்கும். அடுத்து வந்தவருடையதும் அப்படியே. எது யாருடையது என்று தெரிய, பதில்கள் சேரும் ஷீட்டில் அவரவர் வரிசையில் உள்ள லிங்க்கைத் தட்டிப் பார்க்க வேண்டும். பின்னொரு நாள் ஒருவர் தன் ஆவணத்தை நீக்கச் சொன்னால், கோப்பின் பெயரைப் பார்த்துத் தேடி எடுக்க முடியாது. சேகரிப்பு மட்டும் தானாக நடந்து, அடையாளம் காண்பது தானாக நடக்காததன் விளைவு இது.

ஃபோல்டர் முதலில் உரிமையாளருக்கு மட்டுமே திறக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான். தேர்வுக் குழுவில் நான்கு பேர் இருப்பார்கள்; ஒவ்வொருவரின் மெயில் முகவரியையும் சேர்ப்பதைவிட, ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று மாற்றி வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவது சுலபம். ஃபோல்டருக்குக் கொடுத்த அனுமதி உள்ளே இருக்கும் கோப்புகளுக்கும், இனி வரப்போகிறவற்றுக்கும் பொருந்தும். ஜாட்ஃபார்ம் போன்ற சேவையில் படிவம் வைத்து, அங்கிருந்து டிரைவுக்கோ டிராப்பாக்ஸுக்கோ தானாக அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: மூலக் கோப்பு அந்தப் படிவ நிறுவனத்தின் சர்வரில் இருக்க, கிளவுடில் நகல் ஒன்று சேர்கிறது. ஃபோல்டரை அலுவலகக் கம்ப்யூட்டரோடு இணைத்து வைத்திருந்தால் அங்கும் ஒன்று இருக்கக்கூடும். ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடங்களிலும் அழிந்துவிட்டது என்று நம்ப இடமில்லை. கூகுள் ஃபார்மிலேயே, பதிலை நீக்கினால் டிரைவில் உள்ள கோப்பு கூடவே போய்விடுவதில்லை.

காகிதக் காலத்தில் மட்டும் என்ன பாதுகாப்பு இருந்தது, ஜெராக்ஸ் கட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போகவில்லையா என்று கேட்கலாம். போயின. ஆனால் பீரோ நிறைந்தால் யாராவது ஒருவர் அதைக் காலி செய்தே ஆக வேண்டியிருந்தது. கிளவுடில் அந்த நெருக்கடி வருவதில்லை. வருடத்துக்கு 500 பேர், ஆளுக்கு நான்கு படம், படம் ஒரு எம்.பி. என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 2 ஜி.பி.தான். இலவசக் கணக்கின் 15 ஜி.பி.யில், வேறு எதுவும் இல்லையென்றால், ஏழு வருட விண்ணப்பங்கள் சத்தமில்லாமல் அடங்கும். அதற்குள் படிவத்தை உருவாக்கிய ஊழியர் வேலை மாறியிருப்பார். அது அவருடைய சொந்தக் கணக்காக இருந்தால், உதவி கேட்டவர்களின் ஆவணங்கள் நிறுவனத்தின் கையை விட்டே போயிருக்கும். பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆதார் எண்ணையும் சாதிச் சான்றிதழையும் பிறந்த தேதியையும் எதைக் கொண்டு மாற்றுவது?

தணிக்கைக்கு ஆவணம் வேண்டுமே என்பது நியாயமான மறுப்பு. உதவி பெற்றவருடைய ஆவணத்தைச் சட்டமோ தணிக்கையோ கேட்கும் காலம்வரை வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் நிராகரிக்கப்பட்டவரின் பாஸ்புக் பக்கத்தை முடிவு அறிவித்த பிறகும் வைத்திருக்க என்ன காரணம்? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதையே சொல்கிறது: வாங்கிய நோக்கம் முடிந்துவிட்டால், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலொழிய, தரவை அழிக்க வேண்டும். பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. தொகையைப் பார்த்துப் பயப்படுவதைவிட, நம்பிக் கொடுத்தவரிடம் நாணயமாக நடந்துகொள்வதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆள் பலம் இல்லாத சிறிய அமைப்பால் இதெல்லாம் முடியுமா என்பார்கள். கோப்பை டிரைவில் சேர்க்கும் அதே தானியங்கி வசதி, வெளியேற்றவும் உதவும். கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற நிரல் வசதி தெரிந்த ஒரு கல்லூரி மாணவரைப் பிடித்தால் போதும்: பதில் வந்தவுடன் கோப்பின் பெயரை விண்ணப்ப எண்ணாக மாற்றவும், கெடு தாண்டியதைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பவும் எழுதித் தந்துவிடுவார். தொட்டியில் விழுந்தது 30 நாளில் தானாக அழியும். அதுவும் முடியாதென்றால், காலண்டரில் ஒரு தேதியைக் குறித்து வைத்துக் கையாலேயே அழிக்கலாம். இதற்கும் முன்னால், கேட்பதையே குறைக்கலாம். முதல் கட்டத்தில் ஆதார் எதற்கு? தேவைதான் என்றால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை வாங்கலாம். பாஸ்புக்கைத் தேர்வானவர்களிடம் மட்டும் கேட்கலாம்.

உங்கள் பெயரில் அப்படியொரு படிவம் இருந்தால், அதன் ஃபோல்டரை இந்த வாரமே திறந்து யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். வேலை முடிந்த ஆவணங்களை நீக்குங்கள். அடுத்த லிங்க்கை அனுப்பும்போது, இந்த ஆவணம் எந்தத் தேதியில் அழிக்கப்படும் என்ற ஒரு வரியைப் படிவத்தின் தலையிலேயே எழுதுங்கள்.