கூரையில்லா வண்டியில் ஒரு பிரயாணம்

கலிபோர்னியாவில் வாழும் என் தமையனாரின் குமாரன், பிறர் ஓட்டிக் கழித்த ஜெர்மானிய மோட்டார் ஒன்றை வாங்கியிருந்தான். துணிக்கூரையை மடித்துத் திறந்துகொள்ளும் சிறு வண்டி அது. "வீண் ஆடம்பரம், விற்றுவிடும்படி அவனுக்குப் புத்தி சொல்" என்பது தமையனார் எனக்கு இட்ட கட்டளை.

மாண்டரேயிலிருந்து தெற்கே சென்றோம். கூரை மடிந்ததும் சாமான் அறையில் இடம் குறைந்தது. என் பையை மடிமேல் வைத்துக்கொண்டேன். இடப்புறம் செங்குத்தான மலை. வலப்புறம் பசிபிக் மகாசமுத்திரம். கைதிகளையும் வேலைக்கு வைத்து மலையைக் குடைந்து அமைத்த இப்பாதை, 1937-ல் திறக்கப்பட்டதாம். 1932-ல் கட்டிய பிக்ஸ்பி பாலம், ஓடைக்கு மேலே சுமார் 80 மீட்டர் உயரத்தில் ஒரே வளைவாக நிற்கிறது. மூடிய வண்டியில் சென்றிருந்தால் அக்காட்சியைக் கண்டிருப்பேன். அலையோசையையும் உப்புக் காற்றையும் இழந்திருப்பேன்.

பாலத்தருகே வண்டியை நிறுத்தியவன், கூரையோரத்து நீர்த்துளைகளிலிருந்த சருகுகளை விரலால் அகற்றினான்.

"இவை அடைத்துக்கொண்டால் மழைநீர் உள்ளே இறங்கிவிடும், சித்தப்பா. பழைய வண்டிக்குப் பழுது பார்க்கும் கூலி அதிகம். ஆகையால் நானே கற்றுக்கொண்டேன்" என்றான்.

ஆடம்பரக்காரன் சருகு பொறுக்குவானா? நான் சொல்ல வந்த புத்தியைச் சொல்லாமலே ஊர் திரும்பினேன். தமையனாருக்குத்தான் இனிச் சமாதானம் சொல்ல வேண்டும்!